ரோமர் 13ஆம் அதிகாரமும் அரசின் அதிகாரமும்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் போதகர் ரோமர் 13ஐ, அதாவது ரோம் நகரக் கிறிஸ்தவர்களுக்குப் பவுல் எழுதிய கடிதத்தின் 13ஆம் அதிகாரத்தை, வாசித்து, அரசைக் குறைகூறுவதே பாவம் என்று பிரசங்கித்திருக்கிறார். சில வாரங்களில் அதே சபையார், ஊர் எல்லையில் புதிதாகக் கூடும் இன்னொரு சபை கள்ள உபதேசம் செய்கிறது, அதை அதிகாரிகள் மூட வேண்டும் என்று உங்களிடம் கையெழுத்துக் கேட்டு வந்திருக்கிறார்கள். சுதந்திரம், சகிப்புத்தன்மை என்பவை வேதத்தில் இருப்பவையா, அல்லது அரசியல் சட்டத்திலிருந்து நாம் இரவல் வாங்கிக்கொண்டவையா என்று கேட்கிறீர்கள். சகித்துக்கொண்டால் 'எல்லாம் ஒன்றுதான்' என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடாதா என்றும் கேட்கிறீர்கள். எனக்கு இது ஒரே கேள்வியாகத்தான் படுகிறது: அரசின் கை எந்த வாசலில் நிற்க வேண்டும்? அங்கே நிறுத்தச் சொல்பவன் விசுவாசத்தால் சொல்கிறானா, விசுவாசக் குறைவால் சொல்கிறானா?

நான் 26 ஆண்டுகள் திருச்சபை வரலாறு கற்பித்தவன். வளர்ந்தது சீர்திருத்தச் சபை மரபில். ஆகவே கத்தோலிக்கரின் நிலையை வெளியிலிருந்து பார்த்தவனாகவே சொல்வேன். சட்டம் படித்தவன் அல்லன். கையெழுத்துப் போடலாமா என்றால், போடாதீர்கள் என்பதே என் பதில். அதற்குக் காரணங்கள் இருக்கின்றன. ஆனால் எல்லாக் காரணங்களும் ஒரே அளவுக்கு உறுதியானவை அல்ல.

முதலில் ஒரு சொல் விஷயம். பழைய தமிழ் வேதாகமத்தில் 'சுதந்தரம்' என்று தேடினால் கிடைப்பது பெரும்பாலும் வாரிசுரிமை. நீங்கள் கேட்கும் பொருளுக்கு அங்கே 'சுயாதீனம்' என்று இருக்கும். கலாத்தியர் 5:1இல் கிறிஸ்து நமக்கு உண்டாக்கின 'சுயாதீன நிலைமை' என்று பவுல் எழுதுவது பேச்சுரிமையையோ வாக்குரிமையையோ பற்றி அல்ல. விருத்தசேதனம் முதலான சட்டங்களின் நுகத்திலிருந்து கிடைத்த விடுதலையைப் பற்றி. இது உறுதி. மேடையில் அந்த வசனத்தைக் காட்டி அரசியல் பேசுபவர்கள் நல்ல நோக்கத்தோடு தவறான இடத்தில் தோண்டுகிறார்கள். குடிமைச் சுதந்திரத்துக்கான கிறிஸ்தவ அடிப்படை வேறு இடத்தில் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அது உங்கள் போதகர் வாசித்த அதே ரோமர் 13இல்தான் இருக்கிறது.

அந்த அதிகாரத்தை மெதுவாக வாசியுங்கள். 'எந்த மனுஷனும் மேலான அதிகாரமுள்ளவர்களுக்குக் கீழ்ப்படியக்கடவன்' என்று தொடங்குகிறது. நாலாம் வசனம் ஆளுபவனைத் 'தேவஊழியக்காரன்' என்கிறது. ஊழியக்காரனுக்கு எஜமான் ஒருவர் உண்டு. அவன் எடுத்த காரியத்துக்குக் கணக்குக் கொடுக்க வேண்டியவன். ஐந்தாம் வசனம், தண்டனைக்குப் பயந்து மட்டுமல்ல, 'மனச்சாட்சியினிமித்தமும்' கீழ்ப்படியச் சொல்கிறது. மனச்சாட்சியின் பொருட்டுக் கீழ்ப்படிபவனுக்கு, அதே மனச்சாட்சியின் பொருட்டு ஒரு நாள் 'முடியாது' என்று சொல்லவும் நேரும். ஏழாம் வசனம் நாம் செலுத்த வேண்டியவற்றைப் பட்டியலிடுகிறது: வரி, தீர்வை, பயம், கனம். வழிபாடு அந்தப் பட்டியலில் இல்லை. பேரரசனுக்குத் தூபமிடும் வழக்கம் இருந்த பேரரசின் தலைநகருக்கு எழுதிய கடிதம் இது என்பதை நினைத்துக்கொண்டு அந்த விடுபடலைப் பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்பதாம் வசனம். பவுல் அங்கே பத்துக் கட்டளைகளிலிருந்து சிலவற்றை எடுத்துச் சொல்கிறார்: விபசாரம், கொலை, களவு, பொய்ச்சாட்சி, இச்சை. அனைத்தும் அயலானைப் பற்றியவை. வேறு தேவர்கள், விக்கிரகம், தேவநாமம், ஓய்வுநாள் ஆகிய முதல் நான்கிலிருந்து ஒன்றுகூட இல்லை. (கத்தோலிக்கரும் லூத்தரன் சபையாரும் கட்டளைகளை எண்ணும் முறை வேறு; அவர்கள் கணக்கில் முதல் மூன்று. வாதம் மாறாது.) பத்துக் கட்டளைகள் எழுதப்பட்ட இரண்டு கற்பலகைகளில் முதல் பலகை தேவனோடு நமக்குள்ள உறவு, இரண்டாம் பலகை மனிதரோடு உள்ள உறவு என்பது நெடுங்காலப் பாகுபாடு. அரசைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தவர் இரண்டாம் பலகையிலிருந்து மட்டும் எடுக்கிறார். இதைத் தற்செயல் என்று சொல்லவும் இடம் உண்டு. எட்டாம் வசனத்தில் பேச்சு அன்பைப் பற்றித் திரும்பிவிட்டது என்பவர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தற்செயலாகத் தோன்றவில்லை. ஆனால் இது வாசிப்பே தவிர நிரூபணம் அல்ல.

இதைவிடச் சந்தேகமான ஒரு வாதமும் புழக்கத்தில் இருக்கிறது. ரோமர் 13இல் வரும் கிரேக்கச் சொல், பிள்ளைகள் பெற்றோருக்குக் 'கீழ்ப்படியுங்கள்' என்று எபேசியர் 6:1இல் வரும் சொல் அல்ல. முதலாவது 'கீழ் நிலையில் அமைந்திரு' என்ற பொருளுடையது. இரண்டாவது 'சொல் கேள்' என்பது. தமிழில் இரண்டுக்கும் கீழ்ப்படிதல் என்றே வந்துவிட்டது. அதனால், அநியாயக் கட்டளையை மறுத்துவிட்டு அதற்கான தண்டனையை ஏற்றுக்கொள்பவனும் ரோமர் 13ஐ நிறைவேற்றுகிறான் என்கிறார்கள். எனக்குப் பிடித்த வாதம்தான். ஆனால் அந்த இரு சொற்களும் நடைமுறையில் ஒன்றின் எல்லைக்குள் இன்னொன்று நுழைவதுண்டு. இதன்மேல் மட்டும் வீடு கட்டாதீர்கள். அப்போஸ்தலர் 5:29 அதைவிடப் பலமான அஸ்திவாரம். யூதத் தலைவர்களின் ஆலோசனைச் சங்கத்தார் முன் நின்ற பேதுரு, மனுஷரைவிடத் தேவனுக்குக் கீழ்ப்படிவதே அவசியம் என்று சொல்லிவிட்டு, அடிபட்டு, வெளியே வந்து அதே பிரசங்கத்தைத் தொடர்ந்தார். அரசைக் குறைகூறுவது பாவம் என்றால், ஏரோதைக் கண்டித்த யோவான் ஸ்நானன் எதற்காகத் தலையை இழந்தார் என்று உங்கள் போதகரைக் கேட்டுப் பாருங்கள். தென்னாப்பிரிக்காவில் நிறவெறி அரசும் ரோமர் 13ஐத்தான் கையில் வைத்திருந்தது. அந்த வாசிப்பை 'அரச இறையியல்' என்று பெயரிட்டு மறுத்து, 1985இல் அந்நாட்டு இறையியலாளர்கள் கைரோஸ் ஆவணத்தை வெளியிட்டார்கள்.

இனி அந்தக் கையெழுத்து விஷயம். கள்ள உபதேசத்தை அடக்க அரசைக் கூப்பிடும் பழக்கத்துக்கு நீண்ட பரம்பரை உண்டு. அது ஆதியில் இல்லாத பழக்கம் என்பதும் உறுதி. வட ஆப்பிரிக்கக் கார்த்தேஜைச் சேர்ந்த கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் சுமார் 212இல் ரோம ஆளுநருக்கு எழுதியபோது, தான் விரும்பியதை வழிபடுவது மனித உரிமை, மதத்தைத் திணிப்பது மதத்தின் வேலையல்ல என்றார். அப்போது அடி வாங்கிக்கொண்டிருந்தவர்கள் நாம். 313இல் ரோமப் பேரரசர்கள் கான்ஸ்டன்டைனும் லிசினியுஸும் மிலானில் செய்துகொண்ட உடன்பாட்டால் வழிபாட்டுரிமை வந்தது. 380இல் பேரரசர் தெயோதோசியுஸ் கிறிஸ்தவத்தை அரச மதமாக்கினார். 385 வாக்கில் ட்ரையர் நகரில் பிரிசில்லியன் என்ற ஸ்பெயின் நாட்டு ஆயர், சூனியக் குற்றச்சாட்டின் பேரில், சக ஆயர்கள் தொடுத்த வழக்கில் தலை வெட்டப்பட்டார். அடி வாங்கிய கை அடிக்கும் கையாக மாற ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் போதுமாயிருந்தது. தூர்ஸ் நகர ஆயர் மார்ட்டின் அந்தக் கொலையை எதிர்த்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எதிர்ப்புக் குரல் எந்தக் காலத்திலும் முற்றாக அணைந்ததில்லை.

கட்டாயப்படுத்தலாம் என்பதற்கு வசனம் தேடிக் கொடுத்தவர் வட ஆப்பிரிக்க ஆயர் அகுஸ்தீன். தொடக்கத்தில் அவரே அதை எதிர்த்தவர். அங்கே சபையிலிருந்து பிரிந்துபோன டொனாட்டிஸ்டுகளோடு நடந்த நீண்ட சண்டைக்குப் பிறகு மனம் மாறி, லூக்கா 14:23இல் விருந்துக்கு ஆட்களைக் கூட்டிவரச் சொல்லும் இடத்தை எடுத்துக்கொண்டார். லத்தீனில் அது 'உள்ளே வரும்படி கட்டாயப்படுத்து'. நம் பழைய தமிழ் வேதாகமமோ 'உள்ளே வரும்படி வருந்திக் கூட்டிக்கொண்டுவா' என்கிறது. வருந்தி அழைப்பது என்றால் நமக்குத் தெரியும். ஔவையாரின் 'வருந்தி அழைத்தாலும் வாராத வாரா' நினைவுக்கு வரும். கல்யாண வீட்டுக்காரர் வாசல்வரை வந்து, சாப்பிடாமல் போகக்கூடாது என்று கையைப் பிடிப்பது நினைவுக்கு வரும். சேவகனை அனுப்பி இழுத்துவருவது வராது. மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல் இரண்டு பக்கமும் சாயக்கூடியது. ஆனால் கதையில் ஓர் அடிமை தனியாகப் பெருவழிக்குப் போகிறான், அவன் கையில் வாளும் இல்லை, தடியும் இல்லை. நம் மொழிபெயர்ப்பாளர்கள் கதையைச் சரியாகக் கேட்டிருக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

அகுஸ்தீனுக்கு எதிராக நிறுத்தப்படும் உவமை மத்தேயு 13இல் வரும் களைகள். ஊழியக்காரர் களையைப் பிடுங்கட்டுமா என்று கேட்கிறார்கள். எஜமான், 'அறுப்புமட்டும் இரண்டையும் வளரவிடுங்கள்' என்கிறார். எங்கள் வீட்டில் நெல் வயல் உண்டு. நெற்பயிரைப் போலவே பச்சைகட்டி, அதே உயரத்துக்கு வளர்ந்து, கதிர் விடும்வரை ஏமாற்றும் ஒரு புல் உண்டு. விவரம் தெரியாத வயதில் ஒரு முறை அதைப் பிடுங்கப் போய் நான்கு நல்ல தூர்களையும் சேர்த்துப் பிடுங்கினேன். அம்மா ஒன்றும் சொல்லாமல் அவற்றை வாங்கி மறுபடி சேற்றில் ஊன்றினார். நான்கில் இரண்டு பிழைத்தன. அந்த உவமையின் பயம் இதுதான்: பிடுங்குகிறவன் கண் நம்பத்தக்கதல்ல. நிலம் எது என்பதில் சண்டை உண்டு. நிலம் என்பது சபை, ஆகவே சபைக்குள் ஒழுங்குநடவடிக்கை கூடாது என்று வாசித்தவர்கள் இருந்தார்கள். ஆனால் 38ஆம் வசனத்தில் இயேசுவே 'நிலம் உலகம்' என்று விளக்கிவிட்டார். உலகத்தில் வளரவிடு, சபைக்குள் கண்டிக்க வேண்டியதைக் கண்டி, விலக்க வேண்டியவனை விலக்கு. இந்த வேறுபாட்டை விடாப்பிடியாகப் பிடித்து ஒரு ஊரையே உருவாக்கியவர் ஒருவர் இருந்தார்.

ரோஜர் வில்லியம்ஸ் 1631இல் இங்கிலாந்திலிருந்து அமெரிக்கக் குடியேற்றமான மாசசூசெட்ஸ் போய்ச் சேர்ந்த பியூரிட்டன் போதகர்; பியூரிட்டன்கள் என்றால் இங்கிலாந்துச் சபையை இன்னும் தூய்மைப்படுத்த வேண்டும் என்றவர்கள். பரந்த மனப்பான்மையின் உருவமாக அவரைக் கற்பனை செய்யாதீர்கள். மகா பிடிவாதக்காரர். இங்கிலாந்துச் சபையோடு முழுதாக உறவு முறிக்காத சபை என்பதால் பாஸ்டனில் கிடைத்த போதகர் பதவியையே உதறியவர். அவர் சொன்னவற்றில் இரண்டு ஆட்சியாளர்களைக் கொதிக்கவைத்தன: முதல் பலகையை மீறுபவனைத் தண்டிக்க நீதிபதிக்கு அதிகாரமில்லை, பூர்வகுடிகளின் நிலத்தை எடுத்துக் கொடுக்க இங்கிலாந்து அரசனுக்கு உரிமையில்லை. 1635 அக்டோபரில் நாடுகடத்தல் தீர்ப்பு வந்தது. கடுங்குளிரில் ஊரைவிட்டு ஓடி, 14 வாரங்கள் அலைந்து, பூர்வகுடிகளின் உதவியால் பிழைத்து, 1636இல் நரகான்செட் என்ற பூர்வகுடியின் தலைவர்களிடம் நிலம் பெற்று பிராவிடன்ஸ் என்ற குடியேற்றத்தை நிறுவினார். அங்கே வந்து சேர்ந்தவர்கள் 'குடிமைக் காரியங்களில் மட்டும்' பெரும்பான்மைக்குக் கட்டுப்படுவதாக எழுதிக் கையெழுத்திட்டார்கள். அந்த 'மட்டும்' என்ற சொல்லைத்தான் உங்கள் போதகர் ரோமர் 13இலிருந்து உதிர்த்துவிட்டார்.

அவருக்கு எதிராகப் பாஸ்டன் போதகர் ஜான் காட்டன் வைத்த வாதம் இன்றும் வேறு வேறு வேடத்தில் உலவுகிறது. யாரையும் மனச்சாட்சிக்காக நாங்கள் தண்டிப்பதில்லை. உண்மையை இரண்டொரு முறை எடுத்துச் சொல்லியும் கேட்காதவன் தன் மனச்சாட்சிக்கு விரோதமாகவே பிடிவாதம் செய்கிறான், அதற்காகத்தான் தண்டனை என்றார் அவர். மறுத்துப் பேசுகிறவன் உள்ளுக்குள் நம்மோடு ஒத்துப்போகிறான் என்று வைத்துக்கொண்டால் எவரையும் எதற்கும் தண்டிக்கலாம். 1644இல் லண்டனில் இருந்தபோது வில்லியம்ஸ் இதற்கெல்லாம் பதிலாக ஒரு பெரிய நூல் வெளியிட்டார். அதே ஆண்டு ஆகஸ்டில் அதை எரிக்கும்படி பார்லிமென்ட் உத்தரவிட்டது. பின்னாளில் ஒரு கடிதத்தில் அவர் இன்னும் முரட்டுத்தனமாகச் சொன்னார்: கட்டாய வழிபாடு கடவுளின் நாசியில் நாறுகிறது. லேவியராகமத்தில் 'சுகந்த வாசனை' என்று பலியைப் பற்றித் திரும்பத் திரும்ப வாசித்தவர்களுக்கு அந்த வாக்கியத்தின் கூர்மை புரியும்.

இதுவரை சொன்னது சுதந்திரம். அதிகாரம் எங்கே போயிற்று? இதே கேள்வி பிராவிடன்ஸிலேயே எழுந்தது. குற்றவாளிகளைத் தண்டிப்பதே சுவிசேஷத்துக்கு விரோதம் என்று அங்கே சிலர் சொல்லத் தொடங்கினார்கள். 1655 ஜனவரியில் வில்லியம்ஸ் ஊராருக்கு ஒரு சிறு கடிதம் எழுதினார். பல நூறு பேர் ஏறிய ஒரு கப்பலை நினைத்துக்கொள்ளுங்கள் என்றார். கத்தோலிக்கர், புராட்டஸ்டண்டுகள், யூதர், துருக்கியர் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். கப்பலில் நடக்கும் ஜெபத்துக்கு யாரையும் கட்டாயப்படுத்தக்கூடாது. அவரவர் சொந்த ஜெபத்திலிருந்து யாரையும் தடுக்கவும் கூடாது. ஆனால் கப்பல் எந்தத் திசையில் போக வேண்டும் என்று கட்டளையிடுவது தலைவனின் வேலை. நீதி, அமைதி, ஒழுங்கு காப்பதும் அவன் வேலை. பயணி கூலி கொடுக்க மறுத்தாலோ, மாலுமி வேலை செய்ய மறுத்தாலோ, கிறிஸ்துவுக்குள் எல்லோரும் சமம், ஆகவே தலைவன் என்று ஒருவன் வேண்டாம் என்று கலகம் மூட்டினாலோ, தலைவன் தண்டிக்கலாம். சுதந்திரமும் அதிகாரமும் எதிரெதிர் என்று நினைப்பவர்களுக்கு இந்த ஒரு பக்கக் கடிதத்தையே நான் வகுப்பில் வாசித்துக் காட்டுவேன்.

அவரைப் புனிதராக்கவும் வேண்டாம். 1676இல், பூர்வகுடிகளுடன் நடந்த போரில் பிராவிடன்ஸ் எரிந்த பிறகு, பிடிபட்ட பூர்வகுடிகளைக் குறிப்பிட்ட காலத்துக்கு அடிமை வேலைக்கு விற்ற ஏற்பாட்டில் அவரும் பங்கெடுத்தார். மனச்சாட்சிக்கு அத்தனை வேலி போட்டவருக்கு உடல்களின் விடுதலை அந்த நேரத்தில் கண்ணில் படவில்லை. பிராவிடன்ஸை உள்ளடக்கிய, அவருடைய ரோட் தீவுக் குடியேற்றத்திலேயே 1719இல் அச்சான சட்டத் தொகுப்பில் குடிமை உரிமைகள் 'கத்தோலிக்கர் நீங்கலாக' என்று நின்றது. கத்தோலிக்கத் திருச்சபையும் தன் பங்குக்கு 1864இல் மதச் சுதந்திரக் கருத்தைக் கண்டித்து, 1965 டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் 2,308 வாக்குகளுக்கு 70 என்ற கணக்கில் அதே சுதந்திரத்தை மனித மாண்பின் உரிமையாக அறிவித்தது. இது வளர்ச்சியா, முரண்பாடா என்று அவர்களுக்குள்ளேயே இன்னும் வாதம் நடக்கிறது. அதில் தீர்ப்புச் சொல்வது என் வேலையல்ல.

கப்பல் உவமை தீர்க்காத இடங்களும் உண்டு. ஒருவனுடைய ஜெபமே கப்பல் ஓட்டத்துக்கு இடைஞ்சல் என்று தலைவன் சொன்னால், அதைச் சோதிப்பது யார்? நம் அரசியல் சட்டத்தின் 25ஆம் பிரிவு மனச்சாட்சிச் சுதந்திரத்தைத் தந்துவிட்டு, பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு என்கிறது. அந்த மூன்று சொற்களும் எவ்வளவு தூரம் நீளலாம் என்பதற்கு வேதத்தில் அளவுகோல் கிடையாது. அதை வழக்கு வழக்காகத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. நான் நம்பிச் சொல்லும் வழக்கு ஒன்று உண்டு. 1985இல் கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் குடும்பத்துப் பிள்ளைகள் மூவர், தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றார்கள். பாட மட்டும் இல்லை. பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. நம் மரபு சகிப்பைக் கற்பிக்கிறது, நம் அரசியல் சட்டம் அதைக் கடைப்பிடிக்கிறது, அதை நீர்க்கச் செய்யாதிருப்போம் என்ற பொருள்பட நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதினார். எழுந்து நின்றது கனம் செலுத்தியது. ஏழாம் வசனம் கேட்பது அவ்வளவுதான். உங்கள் சபையும் என் சபையும் யெகோவாவின் சாட்சிகளைக் கள்ள உபதேசக்காரர் பட்டியலில்தான் வைத்திருக்கின்றன. அவர்கள் வென்ற அந்தத் தீர்ப்பின் நிழலில் நம் பிள்ளைகளும்தான் நிற்கிறார்கள்.

எங்கள் சபையிலேயே ஒரு முறை மூப்பர் தேர்தல் தகராறு நீதிமன்றம்வரை போயிற்று. நீதிபதி வாக்காளர் பட்டியலைப் பார்த்தார், கணக்குப் புத்தகத்தைக் கேட்டார், காணாமல் போன இரண்டு வவுச்சர்களைப் பற்றி விசாரித்தார். எதிர்க்கட்சியாருக்குத் திருவிருந்து கொடுக்கக்கூடாது என்று உத்தரவிடும்படி எங்கள் தரப்பு வக்கீல் துணிந்து ஒரு கோரிக்கை வைத்தபோது, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, அதை உங்கள் ஆயரிடம் கேளுங்கள் என்றார் நீதிபதி. அவர் கிறிஸ்தவர் அல்லர். முதல் பலகைக்கும் இரண்டாம் பலகைக்கும் நடுவே உள்ள கோடு எங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அந்தப் புதிய சபை யாரையாவது அடித்தாலோ, பணம் பறித்தாலோ, நிலத்தை ஆக்கிரமித்தாலோ தாராளமாகப் புகார் கொடுங்கள். அதற்குத்தான் ஆளுபவனிடம் பட்டயம், அதாவது வாள், இருக்கிறது. உபதேசம் தவறு என்பதற்கு அவனிடம் போகாதீர்கள்.

அப்படியானால் எல்லாம் ஒன்றுதானா என்ற கடைசிக் கேள்விக்கு மறுபடி வில்லியம்ஸிடமே போகிறேன். போதகர் இல்லாமல் உள்ளொளியை நம்பி வழிபட்ட க்வேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரை அவருக்கு அறவே பிடிக்காது; அவர்கள் உபதேசம் ஆத்துமாவைக் கெடுக்கும் என்று உறுதியாக நம்பினார். மாசசூசெட்ஸ் 1660இல் மேரி டையர் என்ற க்வேக்கர் பெண்ணைத் தூக்கிலிட்டது. ரோட் தீவிலோ க்வேக்கர்கள் குடியிருந்தார்கள், பதவியிலும் இருந்தார்கள். 1672இல், ஏறத்தாழ 70 வயதில், வில்லியம்ஸ் அவர்களைப் பகிரங்க விவாதத்துக்கு அழைத்து, பிராவிடன்ஸிலிருந்து நியூபோர்ட்டுக்குச் சுமார் 30 மைல் தாமே படகு வலித்துப் போனார். பகல் முழுதும் வலித்து நள்ளிரவு நெருங்கும்போது கரை சேர்ந்து, மறுநாள் காலை எழுந்து, அவர்கள் ஏன் தவறு என்று பேசத் தொடங்கினார். பேச்சு நாள்கணக்கில் நீண்டது. யாரும் மனம் மாறவில்லை. பிறகு அவர்களைக் கண்டித்து ஒரு தடித்த புத்தகமும் எழுதினார். க்வேக்கர்கள் நியூபோர்ட்டிலேயே இருந்தார்கள்.